வலதுகைப் பிரேக்

ஃபேர்ஃபாக்ஸ், கலிஃபோர்னியா
8 செப்டம்பர் 1998

அன்புத் தம்பி டுவெய்னுக்கு,

உன் அக்கா மார்லிஸ் எழுதுவது. அந்தக் கொலராடோக் குளிரில் நீயும் உன் சைக்கிள் கடையும் உயிரோடு இருப்பீர்கள் என்று நம்பி எழுதுகிறேன். போன மாதம் போனில் "காது டாக்டரிடம் போனாயா" என்று தொண்டை கிழியக் கத்தினேன். நீ பாட்டுக்கு "ஆமாம், இங்கேயும் நல்ல மழை" என்றாய். அன்றைக்கே தீர்மானித்துவிட்டேன், இனிமேல் உனக்குக் கடிதம்தான்.

இதைக் கொண்டுவருபவன் பக்கத்து வீட்டு கில். உங்கள் ஊர்க் கணவாயில் வருடா வருடம் நடக்கும் சைக்கிள் கூத்துக்குத்தான் வருகிறான். அவனுடைய வேனுக்குள் எட்டிப் பார். உன் மச்சான் லைலின் பச்சை சைக்கிள் கிடக்கும். ஆமாம், அதேதான். 1980இல் எங்கள் வீட்டுக் கராஜில் அவரே எஃகுக் குழாயை வெட்டி, பித்தளையை உருக்கிப் பற்றவைத்து, கராஜையும் ஒரு தடவை கொளுத்தப் பார்த்து உண்டாக்கினாரே, அந்த மலைச் சைக்கிள். ஏழெட்டு வருடமாக உத்தரத்தில் தொங்கிச் சிலந்திக்கு வீடாக இருந்தது. திடீரென்று இப்போது அது வேண்டுமாம்.

"டுவெய்ன்கிட்ட குடு. இத எப்படித் தொடணும்னு அவன் ஒருத்தனுக்குத்தான் தெரியும். வசந்தம் வந்ததும் பைன் மலைலேருந்து பழைய மண்ரோட்டுல ஒரே ஒரு தடவ எறங்கணும். அதுக்கு இதுதான் வேணும், நான் வாங்கிவச்ச அலுமினியச் சனியன் வேணாம்" என்கிறார். நீ பத்து வருடமாகத் திட்டிய அலுமினியச் சனியனை அவரே திட்டிவிட்டார். உனக்கு மனசு குளிர்ந்திருக்குமே.

உனக்கு மட்டும் ஒன்று சொல்கிறேன். கொஞ்ச நாளாக அவர் வலது கையிலிருந்து சாமான் நழுவுகிறது. முதலில் ஸ்பேனர், அப்புறம் காப்பிக் கோப்பை. சோதனை எடுக்கிறார்கள். பெரிதாக ஒன்றும் இருக்காது. பதிலில் இதைப் பற்றி மூச்சு விடாதே. தபால் பெட்டியைத் திறப்பது அவர்தான். உன் கடிதம் என் கைக்கு வருவதற்குள் இரண்டு தடவை படித்திருப்பார்.

உடம்பைப் பார்த்துக்கொள். டப்பா உணவையே தின்று சாகாதே.

அக்கா
மார்லிஸ்


கிரெஸ்டட் பியூட், கொலராடோ
4 அக்டோபர் 1998

அன்புள்ள அக்காவுக்கும், அக்கா பெயருக்கு வந்த கடிதத்தைக் கூச்சமில்லாமல் பிரிக்கும் மச்சானுக்கும்,

நான் நன்றாக இருக்கிறேன். ஊரில் முதல் பனி விழுந்துவிட்டது. காது அப்படியேதான் இருக்கிறது. ஊரில் பேசுகிற லட்சணத்துக்கு இதுவே போதும்.

மச்சான், நீ அனுப்பியது சைக்கிளா, கோழிக் கூண்டா? சீட்டுத் தண்டு ஃபிரேமோடு ஒட்டிப் பிணமாகக் கிடக்கிறது. செயின் துருப்பிடித்துக் கம்பியாகிவிட்டது. கூடவே ஒரு எலிக் குடும்பம் இருந்தது, அதற்கு வேறு வீடு பார்த்துக் கொடுத்தேன். ஆனால் துடைத்துவிட்டுப் பார்த்தால் அந்தப் பற்றவைப்பு! எறும்பு நடந்து போனாலும் இடறாது. கடைக்கு வந்த இரண்டு பேர் "யாரு செஞ்சது?" என்று கேட்டார்கள். "எங்க மச்சான். மச்சான் ஆகறதுக்கு முன்னாடியே சிநேகிதன். அதுக்கப்புறம் தலைக்கனம் ஏறிப்போச்சு" என்றேன்.

ஒரு விஷயத்தில்தான் எனக்கு ரத்தம் கொதித்தது. இடது பக்கம் அசல் பிரேக் லீவர் இருக்கிறது. மோட்டார் சைக்கிளுக்கென்று ஜெர்மனியில் செய்த நீள லீவர். வலது பக்கத்தில் ஏதோ மூக்கறுந்த கடைச் சரக்கு! 83இல் பெரிய வளைவில் நீ விழுந்து உடைத்ததற்குப் பதில் மாட்டினாயே, அதுதானே? இத்தனை வருடம் அதைப் பிடித்துக்கொண்டு எப்படியடா மலை இறங்கினாய்?

என் கடை வழக்கம் தெரியும். ஒரு சைக்கிள் முதன்முதலாக மண்ணில் இறங்கிய நாளில் எப்படி இருந்ததோ, அப்படி ஆன பிறகுதான் என் வாசலைத் தாண்டும். வலதுகை லீவர் ஒன்று எங்கேயாவது இருக்கும். தேடிக் கொண்டுவருகிறேன்.

அன்புடன்
டுவெய்ன்


ஃபேர்ஃபாக்ஸ்
30 அக்டோபர் 1998

அன்புத் தம்பிக்கு,

இங்கே எல்லாரும் இருக்கிறோம். உன் கடிதத்தைப் படித்துவிட்டு லைல் இரண்டு நாள் தனக்குத்தானே சிரித்தார். "எலிக்கு வீடு பாத்துக் குடுத்தானாம்! அவன் வீட்டுலயே குடுத்திருப்பான்" என்கிறார்.

இந்தக் கடிதத்தை நான் ஓட்டுகிற பள்ளிக்கூட பஸ் நிற்கும் கொட்டகையில் உட்கார்ந்து எழுதுகிறேன். பிள்ளைகளை இறக்கிவிட்டு வந்து இங்கே கொஞ்ச நேரம் சும்மா உட்காருவது வழக்கமாகிவிட்டது.

எனக்கு இந்த சைக்கிள் சாமானெல்லாம் தெரியாது, தெரியாதவள் கேட்கிறேன் என்று நினைத்துக்கொள். அந்த ஜெர்மன் லீவர் கெட்டியாக இருக்குமோ? இப்போது ஒற்றை விரலால் இழுத்தாலே நிற்கிற பிரேக்கெல்லாம் வந்திருக்கிறதாமே, கில் சொன்னான். அப்படி ஒன்றை மாட்ட முடியாதா? கியர் மாற்றும் கம்பி இரண்டையும் இடது பக்கமே வைத்துவிட முடியாதா? சும்மாதான் கேட்கிறேன்.

சோதனை முடிவு வந்துவிட்டது. லைல் தானே உனக்கு எழுதுவதாகச் சொல்லியிருக்கிறார், நான் எழுதக் கூடாதாம். இன்றைக்குக் காலையில் அவர் சட்டைக்கு நான்தான் பொத்தான் போட்டேன். கல்யாணம் ஆன புதிதில்கூட அப்படிச் செய்ததில்லை என்று கேலி செய்தார். நானும் சிரித்து வைத்தேன்.

சீக்கிரம் முடி டுவெய்ன். அழகாக இல்லாவிட்டாலும் பரவாயில்லை.

அக்கா
மார்லிஸ்


கிரெஸ்டட் பியூட்
22 நவம்பர் 1998

அன்பு அக்காவுக்கு,

நலம்தான். வியாழக்கிழமை நன்றி நாள் வான்கோழி விருந்துக்கு எதிர்வீட்டுக்காரர்கள் கூப்பிட்டிருக்கிறார்கள். ஒரு பூசணிப் பலகாரத்தோடு போய் உட்கார்ந்து, எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு வருவேன்.

ஒற்றை விரல் பிரேக்கா? அக்கா, நீ பெரியவள், அதனால் விடுகிறேன். வேறு யாராவது கேட்டிருந்தால் கடையை விட்டே துரத்தியிருப்பேன். பட்டுச் சட்டைக்குச் சாக்குத்துணியில் கை வைத்துத் தைப்பார்களா? கியரை இடது பக்கம் வைப்பதாம்! மச்சானிடம் சொல்லாதே, மயக்கம் போட்டுவிடுவான்.

சீட்டுத் தண்டு வெளியே வந்துவிட்டது. பத்து நாள் தினமும் எண்ணெய் விட்டு, சூடு காட்டி, பனிக்கட்டியில் வைத்து, கடைசியில் கெஞ்சினேன். கெஞ்சியதுதான் பலித்தது. பெயிண்டைத் தொடவில்லை. டிராக்டர் கடையில் வாங்கிய அந்தப் பச்சைதான். மேலே மெழுகு மட்டும் போட்டேன். சக்கரம் இரண்டுக்கும் புதுக் கம்பி கட்டிவிட்டேன். வெளிச்சத்தில் நிறுத்திப் பார்த்தால் மச்சான் கராஜிலிருந்து முதல்முதலாக அதை வெளியே தள்ளிக்கொண்டு வந்த நாள் நினைவுக்கு வருகிறது.

வலதுகை லீவர் இன்னும் கிடைக்கவில்லை. பழைய மோட்டார் சைக்கிள் ஆசாமிகள் எல்லாருக்கும் எழுதிப் போட்டிருக்கிறேன். அது ஒன்றுதான் பாக்கி. அது வராமல் அனுப்ப மாட்டேன். மச்சானைக் காத்திருக்கச் சொல்.

டுவெய்ன்


ஃபேர்ஃபாக்ஸ்
10 ஜனவரி 1999

டுவெய்ன்,

புது வருடம் உனக்காவது நல்லதாக இருக்கட்டும்.

கிறிஸ்மஸுக்கு எழுத முடியவில்லை. லைல் வேலைக்குப் போவதை நிறுத்திவிட்டார். படகுத் துறையில் கூட வேலை பார்த்தவர்கள் வந்து ஒரு கேக் வெட்டிவிட்டு, யாரும் யார் முகத்தையும் பார்க்காமல் போனார்கள். தெருவே சமைத்துக் கொண்டுவந்து கொடுக்கிறது. என் அடுப்புக்கு விடுமுறை. யார் வீட்டுப் பாத்திரம் எது என்று எனக்குக் குழப்பம்.

தினமும் காலையில் தபால் பெட்டி வரைக்கும் தானே நடந்து போகிறார். கோட்டு மாட்டிவிட்டால் போதும். திரும்பி வந்து, "இன்னைக்கும் இல்ல. பாவம் டுவெய்ன், எங்கெங்க அலையறானோ" என்கிறார். மறுநாளும் போகிறார்.

உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன். எந்த லீவராவது மாட்டு. மாட்டாமலேகூட அனுப்பு. லைல் என்னை எழுத விட மாட்டேன் என்கிறார். "அவனுக்குத் தெரிஞ்சா கை நடுங்கும், அப்புறம் அந்த வேலையச் செய்ய மாட்டான்" என்கிறார். நீ புத்திசாலிப் பிள்ளையாகத்தான் வளர்ந்தாய். புரிந்துகொள்.

அக்கா


கிரெஸ்டட் பியூட்
14 பிப்ரவரி 1999

அன்பு அக்காவுக்கும் மச்சானுக்கும்,

இரண்டு பேரும் சௌக்கியமா? மச்சான், உட்கார்ந்து படி. கிடைத்துவிட்டது!

வலதுகை லீவர். அசல். பேயோனியாவில் ஒரு கிழவன் வீட்டுக் கொட்டகையில், பழைய மண்பாதை மோட்டார் சைக்கிள் ஒன்றில் மாட்டியபடியே இருந்தது. கீறல்கூட இல்லை. தேய்த்து எடுத்து மாட்டிப் பார்த்தேன். இடது வலது இரண்டும் இரட்டைப் பிள்ளை மாதிரி நிற்கின்றன. பிரேக் கம்பி கோத்து, டயருக்குக் காற்றடித்து, கடைக்குள்ளேயே ஒரு சுற்று வந்தேன். எதுவுமே சத்தம் போடவில்லை, அல்லது எனக்குக் கேட்கவில்லை. எப்படியானாலும் சரி.

ஹேண்டில்பார் எவ்வளவு உயரத்தில் வேண்டும் என்று மட்டும் எழுது மச்சான். பெட்டி தயாராக இருக்கிறது.

டுவெய்ன்


ஃபேர்ஃபாக்ஸ்
22 பிப்ரவரி 1999

டுவெய்ன்,

சௌக்கியம் விசாரிக்கும் மனநிலையில் நான் இல்லை.

இப்போதெல்லாம் கடிதத்தை நான்தான் பிரித்துப் படித்துக் காட்டுகிறேன். "கிடைத்துவிட்டது" என்று படித்ததும், "பலே! கண்டுபுடிச்சுட்டான் பாரு!" என்றார். அப்புறம் தன் வலது கையைப் பார்த்தார். அது மடியில் கிடந்தது. நவம்பரில் வான்கோழி வெட்டக் கத்தியை எடுக்கப் போனார், கை மூடவில்லை. அதற்கப்புறம் அது மூடவே இல்லை. இடது கையும் இப்போது அதே வழியில் போகிறது. நரம்பெல்லாம் ஒவ்வொன்றாக அணைகிற நோய். மருந்து கிடையாது. இதோ எழுதிவிட்டேன், அவர் கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

வலது கை செத்துப்போன மனிதனுக்கு வலதுகை பிரேக் தேடிக் கண்டுபிடித்திருக்கிறாய். சபாஷ்.

நேற்று கில்லைப் பிடித்து விசாரித்தேன். செப்டம்பரிலேயே உன்னிடம் எல்லாம் சொல்லிவிட்டானாம். லைலின் கையைப் பற்றி, டாக்டர் எதைச் சந்தேகப்படுகிறார் என்பதைப் பற்றி, காகிதத்தில் எழுதியே காட்டினானாம். நீ படித்துவிட்டு அந்தக் காகிதத்தைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டாயாம். ஆக, தெரிந்தே இருந்திருக்கிறாய். நான் இங்கே ஒவ்வொரு கடிதத்திலும் சுற்றி வளைத்து, பூசி மெழுகி எழுத, நீ பட்டுச் சட்டை, சாக்குத்துணி என்று பதில் எழுதினாய்.

நீ லீவர் தேடவில்லை. இங்கே வராமல் இருப்பதற்குக் காரணம் தேடினாய். சைக்கிள் முடிந்தால் கொண்டுவர வேண்டும், வந்தால் அவரைப் பார்க்க வேண்டும். அதுதானே?

மார்லிஸ்


கிரெஸ்டட் பியூட்
28 மார்ச் 1999

அக்கா,

எத்தனையோ தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். உன் உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்கக்கூட எனக்கு முகமில்லை. கேட்கிறேன். எப்படி இருக்கிறாய்?

நீ சொன்னது சரி. பயம்தான். ஆனால் அது பாதிதான் அக்கா. மீதியையும் சொல்கிறேன், அப்புறம் என்னை என்ன வேண்டுமானாலும் சொல்.

அந்த லீவர் நவம்பரிலேயே கிடைத்துவிட்டது. விருந்துக்கு முந்தின வாரம். உனக்கு "இன்னும் கிடைக்கவில்லை" என்று எழுதினேனே, அப்போது அது என் மேசை மேல் கிடந்தது. மாட்டினால் வேலை முடிந்துவிடும். முடிந்தால் அனுப்பிவிட வேண்டும். அப்புறம் லைலுக்குக் காத்திருக்க என்ன இருக்கிறது? ஒரு சாமான் குறைந்தால் போதும், அது வரட்டும் என்று உட்கார்ந்திருப்பான் என்று நினைத்தேன். காத்திருக்கிறவன் கிளம்பிப் போக மாட்டான் என்று நினைத்தேன். பைத்தியக்காரத்தனம்தான். ஐம்பது வயதில் இப்படி நினைத்தேன் என்று எழுதுவதற்கே வெட்கமாக இருக்கிறது. வலது பக்கம் அந்தக் கடைச் சரக்கையே இருக்க விட்டு அக்டோபரிலேயே அனுப்பியிருந்தால் அவன் ஏறியிருப்பான். ராத்திரி பகல் இதுதான் மண்டைக்குள் ஓடுகிறது. காது கேட்காதவனுக்கு இது மட்டும் நன்றாகக் கேட்கிறது.

சரி. இப்போது என்ன செய்திருக்கிறேன் என்று கேள். இரண்டு லீவரையும் கழற்றிவிட்டேன். கைப் பிரேக்கே கிடையாது. நாங்கள் முதன்முதலில் அந்த மலையில் இறங்கியபோது எங்களிடம் இருந்தது பேப்பர் போடுகிற பையன்களின் பழைய சைக்கிள்தானே? பெடலைப் பின்னால் மிதித்தால் நிற்கும் கால் பிரேக். அந்த மாதிரிப் பின்சக்கரம் ஒன்றைக் கட்டி மாட்டியிருக்கிறேன். கையைச் சும்மா மேலே வைத்தால் போதும், நான் பக்கத்திலேயே ஓடி வருகிறேன். என் கடை வழக்கம் நாசமாகப் போகட்டும்.

ஏப்ரல் கடைசியில் நானே வண்டியில் போட்டுக்கொண்டு வருகிறேன்.

டுவெய்ன்


ஃபேர்ஃபாக்ஸ்
5 ஏப்ரல் 1999

டுவெய்ன்,

உன் கடிதம் வந்த மறுநாள் லைல் குளியலறையில் விழுந்துவிட்டார். காலும் போய்விட்டது. இப்போது சக்கர நாற்காலி. பேச்சும் குழறுகிறது.

நீ செய்ததற்கு உன் மேல் கோபப்பட வேண்டும். உட்கார்ந்து ஆற அமரக் கோபப்பட வேண்டும். இப்போது அதற்கு நேரமில்லை, பிறகு பார்த்துக்கொள்கிறேன். ஒன்று மட்டும் உனக்காகச் சொல்கிறேன். குளிர்காலம் முழுக்க ஒவ்வொரு காலையும் அவர் எழுந்து கோட்டு மாட்டிக்கொண்டது அந்தத் தபால் பெட்டிக்காகத்தான். அது உன்னால்தான். மீதியை நீயே சுமந்துகொள்.

அவரால் எது முடியும், எது முடியாது என்று இனிக் கேட்காதே. நீ எதைச் செய்து கொண்டுவந்தாலும் அது ஒரு வாரம் பிந்தித்தான் இருக்கும். கைப் பிரேக்கோ கால் பிரேக்கோ, அப்படியே வண்டியில் தூக்கிப் போடு. ஏப்ரல் கடைசி வேண்டாம். இப்போதே வா.

அக்கா


கிரெஸ்டட் பியூட்
9 மே 1999

அன்பு அக்காவுக்கு,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். நெவாடா முழுக்க அழுதுகொண்டே ஓட்டினேன். பார்க்க ஆளில்லாத ஊர், வசதியாக இருந்தது. நீ கட்டிக் கொடுத்த சாண்ட்விச்சை எல்லையிலேயே தின்றுவிட்டேன். மச்சான் எப்படி இருக்கிறான்? விழுங்க முடிகிறதா? நீ தூங்குகிறாயா?

நீயும் கூடத்தான் இருந்தாய். இருந்தாலும் எழுதுகிறேன், எழுதாவிட்டால் வெடித்துவிடுவேன்.

வீட்டு வாசலில் சைக்கிளை இறக்கி அவன் முன்னால் நிறுத்தினேனே. மேலும் கீழும் பார்த்துவிட்டு என்னவோ கேட்டான். நீ என் காதில் கத்திச் சொன்னாய்: "எங்கடா பிரேக்குன்னு கேக்கறார்!" நான் காலைத் தட்டிக் காட்டினேன். அவன் தன் காலைப் பார்த்தான். அப்புறம் குழறிக் குழறிச் சொன்னதை நீ மறுபடி கத்தினாய்: "இன்னும் ஒரு மாசம் கழிச்சு வந்திருந்தா மூக்குல மாட்டியிருப்ப போலிருக்கேங்கறார்!" மூன்று பேரும் சிரித்தோம். எனக்குத்தான் சிரிப்பு எங்கே முடிந்து அழுகை எங்கே ஆரம்பித்தது என்று தெரியவில்லை. அவன் மடியில் அந்த வலதுகை லீவரை வைத்தேன். நீ அவன் விரல்களை அதைச் சுற்றி மூடிவிட்டாய்.

அப்புறம் அவன் என்னைப் பார்த்து, தாடையால் சைக்கிளைக் காட்டினான். நீ ஏறு என்று. நான் மாட்டேன் என்றேன். அவன் சைக்கிள், அவன்தான் முதலில் ஏற வேண்டும். "ஏறுடா மடையா" என்றான். அதை மட்டும் நீ சொல்லாமலே வாய் பார்த்துப் புரிந்துகொண்டேன்.

நீங்கள் பைன் மலை அடிவாரத்தில், வண்டிக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தீர்கள். நான் மேலே தள்ளிக்கொண்டு ஏறினேன். உச்சியில் யாருமில்லை. புல் பச்சையாக, காற்று உப்பாக இருந்தது. எனக்கு அங்கே போனதும் கோபம் வந்துவிட்டது அக்கா. சைக்கிளைப் புல்லில் போட்டுவிட்டு, உட்கார்ந்து, லைலை ஒரு பாட்டம் திட்டினேன். இவ்வளவு நன்றாக ஒன்றைச் செய்யத் தெரிந்தவனுக்கு இப்படியா என்று யாரையோ திட்டினேன். அப்புறம் ஏறி உட்கார்ந்தேன்.

என்னவென்று சொல்வது. அது தானாகவே போயிற்று. நான் சும்மா மேலே இருந்தேன். பெரிய வளைவில் எனக்குத் தெரியாதது அதற்குத் தெரிந்திருந்தது. பாதி தூரத்தில் கால் பிரேக் சூடேறி, பின்சக்கரத்துக்குள்ளிருந்த கிரீஸ் புகைய ஆரம்பித்தது, அந்தக் காலத்தில் புகையுமே அப்படி. அந்த நாற்றத்தை இருபது வருடம் கழித்து முகர்ந்தேன்.

கடைசி வளைவிலிருந்து வெளியே வந்தபோது உங்கள் வண்டி தெரிந்தது. லைல் வாய் அசைந்தது. நீ அவன் பக்கம் குனிந்தாய். நான் வந்து நின்று "என்ன சொன்னான்?" என்று கேட்டேன். நீ கையை ஆட்டி, அப்புறம் என்றாய். மறுநாள் காலையிலும் கேட்டேன், அப்புறம் என்றாய். அவன் என்ன சொன்னான் அக்கா? ஏதாவது திட்டியிருந்தாலும் பரவாயில்லை, எழுது.

சைக்கிளை நீயே கொண்டுபோ என்று அவன் பிடிவாதம் பிடித்ததால் கொண்டுவந்தேன். கடையில் நிற்கிறது. அதற்கப்புறம் அதில் ஏறவில்லை.

உன் டுவெய்ன்


ஃபேர்ஃபாக்ஸ்
1 ஆகஸ்ட் 1999

அன்புத் தம்பிக்கு,

லைலின் அடக்கத்துக்கு வந்துவிட்டு நீ நல்லபடியாக ஊர் போய்ச் சேர்ந்ததை கில் சொன்னான். நான் சாப்பிடுகிறேன், தூங்குகிறேன், செப்டம்பரில் பஸ் ஓட்டக் கூப்பிட்டிருக்கிறார்கள், போகப்போகிறேன். அதனால் என்னைப் பற்றிக் கவலைப்பட்டு எழுதாதே. வீடுதான் பெரிதாகிவிட்டது. காலையில் தபால்காரன் சத்தம் கேட்டால் கோட்டை எடுக்கப் போகிறேன், மாட்டிவிட ஆளில்லை.

சர்ச் வாசலில் மறுபடியும் கேட்டாய், என்ன சொன்னான் என்று. சுற்றி ஊரே நின்றது. உனக்குச் சொல்ல வேண்டுமானால் காதில் கத்த வேண்டும். அது கத்திச் சொல்கிற வார்த்தை இல்லை டுவெய்ன். நீ சைக்கிளோடு வந்திருந்தபோதும் அதனால்தான் சொல்லவில்லை. உன் கடிதத்துக்கு இத்தனை நாள் பதில் எழுதாததற்குக் காரணம் வேறு, அதையும் சொல்கிறேன்.

நீ வளைவிலிருந்து வந்தாய். பின்னால் தூசியும் புகையுமாக வந்தாய். பச்சை நிறம் வெயிலில் பளிச்சென்று இருந்தது. லைல் கண்ணை எடுக்காமல் பார்த்தார். அப்புறம் சொன்னார். ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னார், நான் குனிந்து கேட்டேன்.

"மார்லிஸ், இத நான் செஞ்சு பத்தொம்பது வருஷம் ஆகுது. இது ஓடுறத இன்னைக்குத்தான் பாக்கறேன். எப்பப் பாத்தாலும் மேலயேல்ல ஒக்காந்திருந்தேன்."

கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு, "நல்லாத்தான் ஓடுது, இல்ல?" என்றார்.

நான் ஆமாம் என்றேன். வருடக்கணக்காக என் ஞாயிற்றுக்கிழமைகளையெல்லாம் தின்ற சைக்கிள் அது. அதை நானும் அன்றைக்குத்தான் சரியாகப் பார்த்தேன்.

இதோடு முடிந்திருந்தால் மே மாதமே எழுதியிருப்பேன். நீ வந்து நின்று, மூச்சு இரைத்து, என்ன சொன்னான் என்று கேட்டபோது அவர் இன்னொன்றும் சொன்னார். "இன்னொரு வாட்டி எறங்கச் சொல்லு" என்றார். உன் முகம் சிவந்து கிடந்தது, சக்கரம் புகைந்துகொண்டிருந்தது, அவர் கால் ஜில்லிட்டிருந்தது. நான் உன்னிடம் சொல்லவில்லை. "நாளைக்குப் பாக்கலாம், குளுருது" என்று அவரிடம் சொல்லி, போர்வையை இழுத்து மூடி, கதவைச் சாத்தினேன். சரி என்று தலையை ஆட்டினார். மறுநாள் விடியும்போதே மழை. அதற்கடுத்த நாள் அவருக்குக் காய்ச்சல். அப்புறம் நீ கிளம்பிவிட்டாய்.

லீவரை நவம்பரிலேயே வைத்துக்கொண்டு இருந்தவன் மேல் ஆற அமரக் கோபப்படலாம் என்று வைத்திருந்தேன். அந்தக் கோபம் என்னிடம் இப்போது இல்லை. நானும் ஒரு மலையிறக்கத்தை நாளைக்கென்று தள்ளிப் போட்டவள், எந்த வாயால் உன்னைத் திட்டுவேன்?

சைக்கிளைத் துடைத்துக் கடைச் சுவரில் மாட்டிவிடாதே. வண்டியில் போட்டுக்கொண்டு வா. என்றைக்கு முடியுமோ அன்றைக்கு வா, நான் வீட்டில்தான் இருப்பேன். பைன் மலை அடிவாரத்தில் அதே இடத்தில் வண்டியை நிறுத்திக் கதவைத் திறந்து வைக்கிறேன். அவர் கேட்ட இன்னொரு தடவை பாக்கி இருக்கிறது. நீ இறங்கு, நான் பார்க்கிறேன்.

உன் உடம்பைப் பார்த்துக்கொள் தம்பி.

அக்கா
மார்லிஸ்